மோதலுக்குப் பின் வரும் ஒரு மணி நேரம்

விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை விபத்து நடந்த இடத்தில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. அட்ரினலின் உடல் முழுவதும் பாய்ந்திருக்கும் அந்த நேரத்தில் கை நடுங்கும், வாய் தேவையில்லாததைப் பேசும், நசுங்கிக் கிடக்கும் கதவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வலி தெரியாது, நேரம் போவது தெரியாது, பின்னால் இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கும் வாகனங்களும் தெரியாது. என் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: அந்த ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் தன் உடலையும் வாயையும் நினைவையும் நம்பக் கூடாது. முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொண்ட வரிசையையும், கேமராவையும், காகிதத்தையும், மருத்துவரையுமே நம்ப வேண்டும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். மழை விட்டிருந்த ஒரு மாலையில், விரைவுச் சாலை ஒன்றில் அக்காவுடனும் அவளுடைய சிறு மகளுடனும் சென்றுகொண்டிருந்தேன். முன்னால் போக்குவரத்து நின்றதால் நானும் காரை நிறுத்தினேன். பின்னால் வந்த சரக்கு வேனால் ஈரச் சாலையில் நிற்க முடியவில்லை. அது இடித்த வேகத்தில் எங்கள் கார் சாய்வாகத் தள்ளப்பட்டு, சாலையோர இரும்புத் தடுப்பில் முன்பக்கம் மோதி நின்றது. முன் ஏர்பேக்குகள் விரிந்தன. காருக்குள் வெண்புகை போல ஏதோ பரவியது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த அக்கா, தன் பக்கத்துக் கதவை எட்டித் திறக்கப் போனாள். அந்தக் கதவு போக்குவரத்துப் பக்கம் இருந்தது.

அது தீயல்ல. முன் ஏர்பேக் விரிவதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். மடித்து வைத்த பை ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தூவப்படும் டால்க் அல்லது சோள மாவுத் தூளும், வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருளின் எச்சமும்தான் புகையைப் போலத் தெரிகின்றன. கண்ணும் தொண்டையும் எரியலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலாம் என்பதால் வெளியேறுவது நல்லதுதான். ஆனால் எந்தக் கதவு வழியாக என்பதைப் பார்த்த பிறகே வெளியேற வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு, நான்கு திசை விளக்குகளும் சேர்ந்து மின்னும் ஹசார்டு பொத்தானை அழுத்திவிட்டு, பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தடுப்பு இருக்கும் பக்கமாக இறங்குவது என்பதே வரிசை. ஒரே ஒரு விதிவிலக்கு, அறுந்த மின்கம்பி வண்டியின் மீதோ அருகிலோ கிடக்கும்போது. அப்போது உள்ளேயே இருந்து உதவிக்கு அழைக்க வேண்டும். தீ மூண்டு வெளியேறியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களை ஒட்டியபடி சிறு சிறு அடிகளாக நகர வேண்டும்.

நாங்கள் இறங்கியதும் காரின் பின்புறம் எவ்வளவு சேதம் என்று பார்க்கத்தான் கால்கள் சென்றன. அப்போது சற்றுத் தள்ளித் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்த ஒரு லாரி ஓட்டுநர், வயதில் மூத்தவர், கோபமாகவே சத்தம் போட்டார்: “வண்டிக்கு என்ன ஆச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம், பிள்ளையத் தூக்கிட்டு முதல்ல தடுப்புக்கு அந்தப் பக்கம் போங்க!” அன்று கேட்ட பேச்சுகளிலேயே பயனுள்ளது அதுதான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 28 மீட்டரைக் கடக்கிறது. வளைவிலோ இருட்டிலோ நிற்கும் காரை அதன் ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் அது வந்து சேர்ந்துவிடும். நின்ற காருக்குப் பின்னால் நின்று சேதத்தைப் பார்ப்பவர்கள், இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்று வாக்குவாதம் செய்பவர்கள், சாலை நடுவே நின்று படம் எடுப்பவர்கள் ஆகியோரையே இரண்டாவது மோதல் முதலில் தேடி வருகிறது.

எச்சரிக்கை முக்கோணத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதை வைக்கத்தான் வேண்டும் என்று பலரும் விதிப்புத்தகத்தை நினைவில் வைத்துச் சொல்கிறார்கள். சாதாரணச் சாலையில் அது சரி. பிரிட்டனின் சாலை விதி நூல் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்கிறது. அதே நூல் மோட்டார்வே எனப்படும் அதிவேகச் சாலைகளில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது, ஏனெனில் அதை வைக்க நடந்து செல்பவரின் உயிர்தான் அங்கே பணயம். ஸ்பெயின் இதே காரணத்துக்காக 2026 ஜனவரி 1 முதல் முக்கோணத்துக்குப் பதிலாக, காருக்குள் இருந்தபடியே கையை நீட்டிக் கூரையில் ஒட்டக்கூடிய, மின்னும் விளக்கு ஒன்றைக் கட்டாயமாக்கியது. அவரவர் நாட்டு விதியை அறிந்துகொள்வது கடமை. ஆனால் விரைவுச் சாலையில், அதிலும் இருட்டில், போக்குவரத்தை நோக்கி நடப்பது எனக்கு உவப்பானதல்ல. எல்லோரும் தடுப்புக்கு வெளியே, நின்ற வண்டிக்குச் சற்று முன்னால் அல்லாமல் பின்னால் தள்ளி நிற்பதும் முக்கியம். யாராவது மோதினால் வண்டி முன்னோக்கித்தான் தூக்கி எறியப்படும்.

யாருக்கும் காயம் இல்லை, வண்டி நகரும் நிலையில் இருக்கிறது என்றால், அதை ஓரம் கட்டுவதே சரி. வண்டியை அசைத்தால் வழக்கு கெட்டுவிடும் என்று நடுச்சாலையில் பிடிவாதமாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பாக முடியுமானால் வண்டி நின்ற நிலையை இரண்டொரு படம் எடுத்துவிட்டு நகர்த்திவிடலாம். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விபத்தில் சிக்கியவரின் கடமைகளைச் சொல்கிறது. புதிய ஆபத்தை உண்டாக்காமல் நிறுத்த வேண்டும், அந்த இடத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பைக் காக்க வேண்டும், மற்றவர் கேட்டால் தன்னை யார் என்று தெரிவிக்க வேண்டும். யாரேனும் இறந்திருந்தாலோ கடுமையாகக் காயம்பட்டிருந்தாலோ, சாலைப் பாதுகாப்புக்கு இடையூறில்லாத வரையில் தடயங்கள் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காயம் ஏற்பட்டிருந்தால் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டு அவர்கள் வரும்வரை இருக்க வேண்டும். காவல்துறையின் அனுமதியோடோ, காயம்பட்டவருக்கு உதவுவதற்காகவோ, தனக்கே சிகிச்சை தேவைப்பட்டோ விலகுவது மட்டும் விலக்கு. இந்த உடன்படிக்கையில் சேராத நாடுகளின் சட்டங்களும் பெரும்பாலும் இதே திசையில்தான் செல்கின்றன. நிற்காமல் போவது ஏறக்குறைய எங்கேயும் குற்றம். நிறுத்தி வைத்திருந்த, ஆளில்லாத வண்டியை இடித்தவருக்கும் இது பொருந்தும். பெயரையும் தொடர்பு விவரத்தையும் எழுதி வைத்துவிட்டாவது செல்ல வேண்டும்.

உதவிக்கு அழைக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இடம். பிறகே என்ன நடந்தது, எத்தனை பேர், யாராவது உள்ளே சிக்கியிருக்கிறார்களா என்பவை. பேச்சு பாதியில் துண்டிக்கப்பட்டாலும் இடம் தெரிந்திருந்தால் வாகனம் புறப்பட்டுவிடும். நான் அழைத்தபோது எந்தத் திசையில் செல்லும் பக்கம் என்று கேட்டார்கள். நடுவில் தடுப்புள்ள சாலையில் அது தெரியாவிட்டால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று, அடுத்த திருப்பம் வரை சுற்றி வர வேண்டியிருக்கும். 112 என்ற எண்ணை ஜிஎஸ்எம் தரத்தில் இயங்கும் கைபேசிகள் அவசர அழைப்பாகவே அறியும் என்பதால், அந்நிய நாட்டில் உள்ளூர் எண் தெரியாமல் நிற்பவர்கள் அதை முயலலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் அங்கீகாரம் பெற்ற புதிய மாதிரிக் கார்களில், கடும் மோதலை உணர்ந்தால் தானாகவே 112-ஐ அழைத்து இடத்தைத் தெரிவிக்கும் ஈகால் அமைப்பு கட்டாயம். அழைப்பை எடுத்தவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

வேன் ஓட்டி வந்த இளைஞரின் நெற்றியில் காயம். அவரை வெளியே இழுக்கக் கூட்டத்தில் சிலர் முயன்றார்கள். தீ, வெள்ளம், அடுத்த மோதல் போன்ற உடனடி ஆபத்து இல்லாதபோது, கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கக்கூடியவரை அசைப்பது முதுகுத் தண்டைப் பாதிக்கலாம். அவரைத் தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்தபடி இருக்கச் சொல்லி, முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பதே நாம் செய்யக்கூடிய சிறந்த காரியம்; பக்கத்தில் நின்று கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பும். பீறிடும் ரத்தத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. உணர்வும் இயல்பான மூச்சும் இல்லாவிட்டால் மட்டும், கழுத்தைப் பற்றிய கவலையையும் ஒதுக்கிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இருசக்கர வாகனத்தில் வந்தவர் அடிபட்டுக் கிடந்தால், மூச்சு விடுவதற்குத் தடையாக இல்லாத வரையில் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. தண்ணீர் கொடுப்பது அன்பின் வெளிப்பாடுதான், ஆனால் அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடியவருக்கு அது கெடுதலே.

மின்சாரக் கார் என்றால் அதை மீட்புக் குழுவினரிடம் உடனே சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. சேதமடைந்த லித்தியம்-அயான் மின்கலம் பல மணி நேரம் கழித்தும், நாள்கள் கழித்தும் மீண்டும் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அத்தகைய வண்டியைக் கட்டடங்களிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி நிறுத்துவது வழக்கம்.

இனி வாயைப் பற்றி. அந்த இளைஞர் மூச்சுக்கு மூச்சு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்கு நானும் ஏதோ சமாதானம் சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தியதால் பேச்சை உடல்நலத்தோடு நிறுத்திக்கொண்டேன். அடிபட்டவரிடம் இரக்கம் காட்டுவது வேறு, தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்யும் தகுதி விபத்து நடந்த நிமிடத்தில் யாருக்கும் கிடையாது. முன்னால் சென்ற வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததா, சாலையில் எண்ணெய் சிந்தியிருந்ததா, டயர் வெடித்ததா என்பதெல்லாம் பிறகே தெரியவரும். பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் கொண்டுவந்த சட்டம் மன்னிப்புக் கேட்பதைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. எல்லா இடங்களிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இதில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு. மனிதர் மனிதரிடம் இயல்பாகச் சொல்லும் ஒரு சொல்லைச் சட்டத்துக்குப் பயந்து விழுங்க வேண்டியிருப்பது நல்ல நிலைமை அல்ல. ஆனாலும் சில வாரங்களில் வேன் தரப்பு கொடுத்த எழுத்துமூலமான விளக்கம், நான் திடீரெனத் தடம் மாறியதால்தான் மோதல் நிகழ்ந்தது என்று சொன்னது. அந்த இளைஞர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருடைய நினைவு அப்படி மாறியிருக்கக்கூடும்.

நினைவு மாறும் என்பதற்குச் சான்று வாகன விபத்தைக் கொண்டே நடத்தப்பட்ட ஆய்வில் இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், மோதல் படக்காட்சி ஒன்றைப் பார்த்தவர்களிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கும்போது சிலரிடம் கார்கள் ‘இடித்துக்கொண்டபோது’ என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் கேட்டார்கள். இரண்டாம் வகையினர் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, படத்தில் கண்ணாடியே உடையாதிருந்தும், அந்த வகையினரில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களின் வாயிலிருந்து எத்தனை விதமான கேள்விகள் நம் காதில் விழுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், சாட்சியம் எவ்வளவு சீக்கிரம் கலங்கும் என்பது புரியும்.

ஆகவே, பாதுகாப்பான இடத்துக்கு வந்து, காயம்பட்டவர்களுக்கு உதவி உறுதியான உடனேயே, நடந்ததைக் கைபேசியில் என் குரலிலேயே பதிவு செய்தேன். எந்தத் தடத்தில் இருந்தேன், முன்னால் என்ன நின்றது, வானிலை, வெளிச்சம், சாலையின் ஈரம் என்று தெரிந்ததை மட்டும் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். காவல்துறை அதிகாரி மற்ற வண்டியின் வேகத்தைக் கேட்டபோதும் அதே பதில்தான். கண்ணாடியில் ஒரு கணம் பார்த்ததை வைத்து ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால், அது பிறகு என்னையே மறுக்கப் பயன்பட்டிருக்கும்.

படம் எடுப்பதில் பெரும்பாலோர் நசுங்கிய இடத்தை மட்டும் நெருக்கத்தில் பல முறை எடுக்கிறார்கள். காப்பீட்டு சர்வேயருக்கு அதைவிடத் தேவைப்படுவது தூரத்துப் படம். இரண்டு வண்டிகளும், தடக் கோடுகளும், சாலையின் வளைவும், சிக்னலோ பெயர்ப்பலகையோ ஒரே சட்டகத்தில் தெரியும்படி நான்கு மூலைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். டயர் தேய்ந்த தடம், சிதறிய கண்ணாடித் துண்டுகள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஒழுகிய கோடு ஆகியவை மழையிலும் போக்குவரத்திலும் சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால் அவற்றுக்கே முன்னுரிமை. மோதல் எங்கே நிகழ்ந்தது என்பதைக் காட்டுவது வண்டி நின்ற இடத்தைவிடத் துண்டுகள் சிதறிய இடமே. அடுத்தவரின் பதிவெண், ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைக் கையால் எழுதிக்கொள்வதைவிடப் படம் எடுப்பது பிழையில்லாதது. அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பதிவெண் இருந்தால் போதும். காயம்பட்டவர்களின் முகங்களைப் படம் எடுப்பதும் பிறருக்கு அனுப்புவதும் எந்தக் காப்பீட்டுக்கும் தேவைப்படாத அநாகரிகம்.

காருக்குள் பொருத்தி சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம் இருந்தால் உடனே அதன் மெமரி கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேமராக்கள் இடம் நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதைப் பதிபவை; அதிர்வை உணர்ந்து அந்தத் துண்டைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தாலும் அது எப்போதும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. எங்கள் வழக்கில் தடம் மாறிய குற்றச்சாட்டை முடித்துவைத்தது அந்தக் கார்டுதான். அது இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஏர்பேக் உள்ள பல கார்களில், மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடிகளின் வேகம், பிரேக், முடுக்கி, சீட் பெல்ட் நிலை ஆகியவற்றைச் சேமிக்கும் பதிவுக் கருவி இருக்கிறது. காரை உடைசலுக்குக் கொடுத்துவிட்டால் அதுவும் போய்விடும். சாலையோரக் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகளும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுகின்றன. அவற்றைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேட்பதை மறுநாளே செய்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவர், எந்தத் தரப்பையும் சேராத சாட்சி. லாரி ஓட்டுநரின் எண்ணை அவர் புறப்படும் முன் வாங்கிக்கொண்டது அக்காதான்.

காரை இழுத்துச் செல்லும் வண்டி வரும்போது, அதை அனுப்பியது யார், கார் எங்கே போகிறது, நாள் வாடகை உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிகளை நான் நம்புவதில்லை. காரில் உள்ள ஆவணங்கள், மருந்துகள், வீட்டுச் சாவி ஆகியவற்றை எடுத்துக்கொண்ட பிறகே அதை ஒப்படைக்க வேண்டும்.

அன்று இரவு எங்கள் மூவருக்கும் வலி எதுவும் இல்லை. மறுநாள் காலையில் அக்காவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பின்னாலிருந்து இடிக்கப்படும்போது உடல் முன்னே தள்ளப்பட, தலை ஒரு கணம் பின்தங்கிப் பிறகு வீசப்படுவதால் கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இழுபடுகின்றன. வலி தலைகாட்ட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இது தொல்லை தரும் காயம்தான். ஆனால் காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் வேறு இருக்கின்றன. நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பியும் தெளியாத தூக்கம், கை கால் மரத்துப்போதல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. வயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் பதிந்த கன்றிய கோடு தெரிந்தால், வலி குறைவாக இருந்தாலும், குடலில் காயம் இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். கர்ப்பிணிகள் எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் அன்றே பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சிறிய மோதலிலும் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து விலகக்கூடும். முதல் நாளே மருத்துவரைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு: காயத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பு தேதியோடு பதிவாகிறது.

மனத்துக்கு ஏற்படும் காயத்தைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. பின்னால் எந்த வண்டி நெருங்கி வந்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும்; அது மெல்ல மெல்லத்தான் விலகியது. தூக்கம் கெடுவதும், அந்தக் காட்சி மீண்டும் மீண்டும் வருவதும், வண்டியில் ஏறவே மறுப்பதும் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால், அதற்கென்று சிகிச்சை இருக்கிறது.

பழுதுபார்ப்பில், வெளியே தெரியும் பம்பரைவிட அதற்குள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு வெளிப்படும் சேதத்தை அவருக்கு மீண்டும் காட்டி மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். பின் பம்பருக்குள் உள்ள உலோகச் சட்டம் வளைந்திருக்கலாம். தானியங்கி பிரேக் வசதி உள்ள கார்களில் ரேடாரும் முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவும் இம்மி விலகினாலும் மீண்டும் அளவமைக்கப்பட வேண்டும். மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி ஒரு முறை வெடித்துவிட்டால் பிறகு பயன்படாது. பெல்ட் இழுபடுகிறதே என்று அதை விட்டுவிடுகிறார்கள். குழந்தை இருக்கையைப் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்வது, நடுத்தர அல்லது கடும் மோதலுக்குப் பின் அதை மாற்றிவிட வேண்டும் என்பதே. வண்டி தானாக ஓடும் நிலையில் இருப்பது, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதமடையாதது, யாருக்கும் காயமில்லாதது, ஏர்பேக் விரியாதது, இருக்கையில் சேதம் தென்படாதது ஆகிய அனைத்தும் பொருந்தினால்தான் அது சிறு மோதல். எங்கள் இருக்கை பார்வைக்குப் புதிதாகவே இருந்தது. ஆனாலும் மாற்றினோம், வாரை வெட்டிவிட்டுத்தான் பழையதைக் குப்பையில் போட்டோம், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. காப்பீட்டுக் கோரிக்கையில் அதன் விலையையும் சேர்த்தோம்.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதை, கோரிக்கை வைக்கப் போவதில்லை என்றாலும், தள்ளிப்போடக் கூடாது. இன்று சண்டையில்லாமல் கைகுலுக்கிப் பிரிந்தவர் நாளை கழுத்துவலிக்கு நஷ்டஈடு கேட்கும்போது, தகவலே தரப்படவில்லை என்று நிறுவனம் கைவிரிக்கலாம். தொலைபேசியில் பேசிய ஒவ்வொரு முறையும் தேதியையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, முக்கியமானதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தினேன். எதிர்த்தரப்புக் காப்பீட்டாளர் சீக்கிரமே அழைத்து, ஒரு தொகையைச் சொல்லி, இறுதித் தீர்வுப் பத்திரம் அனுப்பினார். அத்தகைய பத்திரத்தில் கையெழுத்திட்டால், இதே விபத்தால் பின்னாளில் தெரியவரும் காயத்துக்கும் எதுவும் கேட்க முடியாமல் போகும். அக்கா அதைக் கையெழுத்திடாமல் வைத்திருந்தாள். கழுத்துக்கான பயிற்சி சிகிச்சை முடிந்து, மருத்துவரின் நிறைவு அறிக்கை வந்த பிறகு, வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு எப்போது முடிகிறது என்பதையும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, சிகிச்சைச் செலவைச் சேர்த்துத் திருத்தப்பட்ட பத்திரத்தில்தான் கையெழுத்திட்டாள்.